சொல்லிப்போட்டு இறங்குங்கோ

ஞாயிற்றுக்கிழமை காலமை எந்த ஊர் நீச்சல் தடாகத்துக்குப் போனாலும் எங்கட ஆட்களைக் காணலாம். தண்ணிக்குள்ள இல்லை. மேல் மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், பிளாஸ்டிக் கதிரைகளில். ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் போன், மடியில் பிள்ளையின் துவாய். கீழே பிள்ளை 30 நிமிஷம் நீந்தும், மேலே நாங்கள் 30 நிமிஷம் இருப்போம். வருஷத்துக்கு 40 கிழமை என்று வைத்தாலும் ஐந்து வருஷத்தில் 100 மணித்தியாலம். அவ்வளவு நேரமும் கதிரையில்தான்.

அந்தக் கதிரைகளில் இருக்கிற பலருக்கு நீந்தத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள் பள்ளிக்கூடத்தோட தடாகத்துக்குப் போனவர்கள். இங்கிலாந்தில் இன்றைக்கும் ஆரம்பப் பள்ளி முடிக்க முதல் ஒரு பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் 25 மீட்டர் நீந்த வேணும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நாங்களும் 25 மீட்டர் நீந்தி, துணிப் பட்டை வாங்கி, அம்மா அதை நீச்சல் உடுப்பில் தைத்துத் தந்த ஆட்கள்தான். பிறகு சோதினை, டியூஷன், கம்பஸ், வேலை, கலியாணம், பிள்ளைகள். நாற்பது வந்தது. நாற்பதோட சீனி வந்தது, பிரஷர் வந்தது, முழங்கால் நோ வந்தது. இப்ப "நீங்களும் இறங்கலாமே" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வருத்தம் கொஞ்சம் சரி வரட்டும், பிறகு பாப்பம்."

இந்த முறை அந்தப் "பிறகு" பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கட வருத்தங்கள் காய்ச்சல் மாதிரி வந்து போகிறவை அல்ல. சீனி வருத்தம், இரத்த அழுத்தம், தொய்வு, மூட்டுத் தேய்வு எல்லாம் கூடவே குடியிருக்க வந்தவை. டைப் 2 சீனி உள்ள சிலருக்கு எடை நன்றாகக் குறைந்தால் குளுசை இல்லாமலே அளவு சாதாரணமாக இருக்கிற நிலை வரலாம். அப்பவும் இரத்தப் பரிசோதனை நிற்காது. ஆகவே "சரி வந்த பிறகு" என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார். வருத்தத்தை வைத்துக்கொண்டே நீந்தலாமா, எப்படிப் பத்திரமாக நீந்தலாம் என்று கேட்டால்தான் ஒரு வழி பிறக்கும்.

எனக்கு 41 வயதில் டைப் 2 என்று சொன்னார்கள். இப்ப 47. மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். சின்ன வயதிலிருந்து தொய்வும் இருக்கிறது. கிழமைக்கு மூன்று தரம் நீந்துகிறேன், ஆக மெதுவான வரிசையில்தான். நான் டொக்டர் இல்லை. கீழே சொல்கிறவை பொதுவாக எல்லா நீரிழிவு நர்ஸ்மாரும் சொல்கிறவை. உங்கட மருந்துக்கு ஏற்றபடி உங்கட நர்ஸோட ஒருக்கால் கதைத்துப்போட்டுச் செய்யுங்கோ.

ஏன் தண்ணி?

நடையும் நல்லதுதான். ஆனால் முழங்கால் நோகிறவருக்கு, எடை கூடினவருக்கு, பாதம் விறைக்கிறவருக்கு நடை சில நாளில் தண்டனை மாதிரி இருக்கும். இடுப்பளவு தண்ணியில் நின்றால் கால் தாங்குகிற பாரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. கழுத்தளவு தண்ணியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சும். மூட்டுக்கு ஓய்வு, தசைக்கு வேலை.

அந்தத் தசை வேலைதான் எங்களுக்கு வேணும். தசை அசையும்போது இரத்தத்தில் இருக்கிற சீனியை இழுத்து எரிக்கிறது. நீந்தி முடிந்த பிறகும் ஒரு நாள் மட்டில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் உடற்பயிற்சிக்கு இடையில் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதேங்கோ என்று சொல்லுகிறார்கள். பெரியவர்களுக்கு இங்கே சொல்லப்படுகிற அளவு கிழமைக்கு 150 நிமிஷம் மிதமான அசைவு, அல்லது 75 நிமிஷம் மூச்சு வாங்குகிற அசைவு. மூன்று நாள் அரை மணித்தியாலம் நீந்தினால் 90 நிமிஷம். மிச்சத்தைப் பள்ளிக்கூட வாசலுக்கு நடந்து சரிக்கட்டலாம்.

தெற்காசியர்களான எங்களுக்கு இது இன்னும் முக்கியம். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டலில் எங்களுக்கென்று தனி அளவுகோல் இருக்கிறது. மற்றவர்களுக்கு உடல் எடைக் குறியீடு 25 தாண்டினால் கவனம் என்றால் எங்களுக்கு 23. மற்றவர்களுக்கு 30 என்றால் எங்களுக்கு 27.5. அதே எடையிலேயே எங்களுக்குச் சீனி வருகிற ஆபத்து கூட.

வருத்தம் இருந்தால் நீச்சல் சரிவராது என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்லுகிறேன். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹோல் ஜூனியருக்கு 1999இல் டைப் 1 நீரிழிவு என்று தெரிய வந்தது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டரில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். 2004இல் ஏதென்ஸில் அதே போட்டியில் திரும்பவும் தங்கம். இன்னொருவர் டொம் டோலன். கடுமையான தொய்வுக்காரர். 400 மீட்டர் மெட்லியில் 1996இலும் 2000இலும் தங்கம். எங்களுக்குப் பதக்கம் தேவையில்லை, 20 நிமிஷம் போதும். வருத்தம் வழி மறிக்கவில்லை என்பதற்குத்தான் இந்தக் கதை. ஆனால் இரண்டு பேருடைய வருத்தமும் அவர்களைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் நாங்கள் வேறு மாதிரி.

ஊருக்குத் தெரியக்கூடாது

என்ர அப்பாவுக்கு 58 வயதில் இருதயத்தில் பைபாஸ் செய்தார்கள். சித்தப்பா வீட்டுக்குக்கூட "வேலை விஷயமா வெளியில போயிருக்கிறார்" என்றுதான் சொல்லப்பட்டது. அப்ப அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். "வீட்டில வருத்தம் இருக்கெண்டு தெரிஞ்சா மாப்பிளை வீட்டுக்காரர் பின்வாங்கிப் போடுவினம்" என்றது அம்மாவின் பயம். அப்பாவின் சீனிக் குளுசைகள் நூலும் ஊசியும் இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிற அந்த நீல பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தன. எனக்கு அவை அங்கே இருப்பது தெரிய வந்தது 22 வயதில்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வாழ்ந்த உலகத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பழக்கம் எங்களிட்டையும் வந்திருக்கிறது. வேலையிடத்தில் சொல்ல மாட்டோம். கலியாண வீட்டில் லட்டு தந்தால் "வேண்டாம், டயட்" என்போம், "சீனி" என்று சொல்ல மாட்டோம். தடாகத்தில் சேரும்போது தருகிற படிவத்தில் 'ஏதேனும் நோய் உண்டா?' என்ற வரிக்கு வாசிக்காமலே 'இல்லை' என்று புள்ளடி போட்டுவிட்டு உள்ளே போவோம்.

தரையில் இந்தப் பழக்கத்தால் பெரும்பாலும் மனச்சுமைதான். தண்ணியில் இது உயிர் விஷயம்.

சீனி இறங்கும்போது உடம்பு அறிகுறி காட்டும். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், களைக்கும், புத்தி கொஞ்சம் குழம்பும். தரையில் இருந்தால் இதைப் பிடித்துவிடுவோம். தண்ணிக்குள்ள வியர்வை தெரியாது. நடுக்கம் வந்தால் குளிர் என்று நினைப்போம். படபடப்பும் களைப்பும் நீந்தினதால என்று நினைப்போம். பிரஷருக்கோ இருதயத்துக்கோ பிசோப்ரொலோல், அட்டெனொலோல் மாதிரி பீட்டா புளொக்கர் குளுசை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் குறைவாகத்தான் தெரியும். மிஞ்சுகிறது குழம்பின புத்தி ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு தன்னைத் தானே கண்டுபிடிக்க ஒருவராலும் ஏலாது. பக்கத்தில் இருக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேணும். அவருக்கோ விஷயம் தெரியாது.

இப்படி ஒன்றை நான் என்ர கண்ணால் பார்த்தேன். வியாழன் இரவு பெரியவர்களுக்கான நேரம். எங்கட வரிசையில் ஐம்பது தாண்டின ஒரு அண்ணை நீந்துவார். பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்கு அவர் ஆழமான பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு தரம் நாங்கள் அவரைச் சுற்றித் திரும்பினோம். மூன்றாம் தரமும் அதே இடம். பின்னால் வந்தவர் "வெறியில நிக்கிறார் போல" என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். உயிர்காப்பாளர் பெடியன் குனிந்து ஆங்கிலத்தில் கேட்க, அவர் தமிழில் பதில் சொன்னார்: "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை." முப்பது வருஷம் ஆங்கிலத்தில் வேலை செய்த மனுசன். அதைக் கேட்டதும் எனக்குத் துலக்கமாகிவிட்டது. "அண்ணை, உங்களுக்குச் சீனி இருக்கே?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

தூக்கி வெளியில் இருத்தி, என்ர பையில் இருந்த குளுகோஸ் குளுசைகளைக் கொடுத்தோம். என்ர மெஷினில் பார்த்தால் 2.9. 4க்குக் கீழே போனாலே தாழ்வு என்பது கணக்கு. வேலையில் கூட்டம் இழுபட்டதில் சாப்பிடாமல், ஆனால் இன்சுலினைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். 15 நிமிஷத்துக்குப் பிறகு திரும்பப் பார்த்து, இன்னொரு தரம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறினது. அரை மணித்தியாலத்தில் அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். என்ர கையைப் பிடித்து முதல் சொன்ன வார்த்தை: "தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

சில மாதத்துக்குப் பிறகு அந்த அண்ணையே "எழுதுங்கோ, பேர் மட்டும் வேண்டாம்" என்று சொன்னபடியால்தான் இதை எழுதுகிறேன். அவர் இன்றைக்கும் அதே வரிசையில் நீந்துகிறார். இப்ப தடாக ஓரத்தில் அவருடைய பையும் இருக்கும்.

சீனி உள்ளவர்கள்

முதலில் உங்கட மருந்து எது என்று பாருங்கோ. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் வகைக் குளுசை எடுப்பவர்களும்தான் கட்டாயம் கவனிக்க வேணும்.

இறங்க முன்னம் ஒருக்கால் பாருங்கோ. 5க்குக் கீழே என்றால் (மில்லிகிராம் கணக்கில் பார்க்கிற நாடுகளில் 90) 10 முதல் 20 கிராம் மாப்பொருள் சாப்பிட்டு, திரும்பப் பார்த்து, ஏறின பிறகு இறங்குங்கோ. 4க்குக் கீழே, அதாவது 70க்குக் கீழே என்றால், முதலில் சிகிச்சை. அன்றைய நீச்சலை விட்டாலும் பரவாயில்லை. டைப் 1 உள்ளவர்கள் 14க்கு மேல், அதாவது 250க்கு மேல் இருந்தால் கீட்டோன் பார்க்காமல் இறங்கக்கூடாது.

குளுகோஸ் குளுசை அல்லது சீனி உள்ள பழச்சாறு தடாக ஓரத்தில் இருக்க வேணும். லொக்கருக்குள் இருந்தால் இல்லாத மாதிரிதான். தாழ்வு வந்தால் 15 முதல் 20 கிராம், 15 நிமிஷத்தில் திரும்பப் பார்ப்பது. சொக்கலேற் இதற்குச் சரிவராது. அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதிக்கும்.

கையில் ஒட்டுகிற சென்சர் வைத்திருப்பவர்கள், அதன் பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கோ. லிப்ரே 2 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம்வரை தாங்கும். ஆனால் சென்சரின் சமிக்ஞை தண்ணியைத் தாண்டிப் போனுக்கு வராது. நீந்திக்கொண்டிருக்கும்போது அலாரம் அடிக்கும் என்று நம்பி இருக்காதேங்கோ. நடுவில் ஒருக்கால் ஏறி வந்து பாருங்கோ. சீனி வேகமாக இறங்கும்போது சென்சர் சில நிமிஷம் பிந்தித்தான் காட்டும். உடம்பு ஒன்று சொல்லி, சென்சர் வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பாருங்கோ.

இரவு நீந்தினால் படுக்க முன்னம் திரும்பப் பாருங்கோ. நித்திரையில் இறங்கலாம். விரத நாளில் இந்த மருந்துகளோட நீந்த வேண்டாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் ஒரு நேரச் சாப்பாடு என்றால் அந்த ஆறு நாளும் தடாகத்துக்கு லீவு. முருகனும் கோவிக்க மாட்டார், தடாகமும் ஓடிப் போகாது.

பாதத்தில் விறைப்பு உள்ளவர்கள் தண்ணி ஓரம்வரை ரப்பர் செருப்போட போங்கோ. வீட்டுக்கு வந்து விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கோ. ஆறாத புண் இருந்தால் ஆறும்வரை தண்ணி வேண்டாம். கண்ணின் விழித்திரையில் பிரச்சினை உள்ளவர்கள், கண்ணுக்கு ஊசியோ லேசரோ செய்தவர்கள், எப்ப இறங்கலாம் என்று கண் டொக்டரிடமே கேளுங்கோ.

பிரஷர், தொய்வு, மூட்டு

பிரஷர்க்காரருக்கு ஆபத்தான நேரம் பெரும்பாலும் நீந்தும்போது இல்லை, ஏறி வரும்போதுதான். தண்ணிக்குள்ள நிற்கும்போது தண்ணியின் அழுத்தம் கால் இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். சடாரென்று ஏறினால் அந்த உதவி நின்றுபோய், இரத்தம் காலுக்கு இறங்கி, தலை சுற்றும். பிரஷர் குளுசை எடுப்பவர்களுக்கு இது இன்னும் கூட. ஏணியில் பாய்ந்து ஏறாமல் படி உள்ள பக்கத்தால் ஆறுதலாக வாங்கோ. உடனே கொதி தண்ணி ஷவருக்குக் கீழே நிற்காதேங்கோ. தண்ணிக்குள்ள இருந்தால் சிறுநீர் கூடுதலாகப் போவதும் இதே காரணத்தால்தான். ஆகவே போத்தலில் தண்ணி கொண்டு போய்க் குடியுங்கோ.

பீட்டா புளொக்கர் எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டுகிற நாடித் துடிப்பை நம்ப வேண்டாம். அந்த மருந்து துடிப்பை ஏற விடாது. கரைக்கு வந்து ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கோ. முடிந்தால் வேகம் சரி. மேல் எண் 180 தாண்டி நிற்கிறவர்களும், நெஞ்சு நோ உள்ளவர்களும் முதலில் டொக்டரைப் பார்த்த பிறகுதான் தடாகம்.

தொய்வுக்காரருக்குத் தடாகத்தின் ஈரமான, வெதுவெதுப்பான காற்று நல்லது. குளிர் காற்றில் ஓடுவதைவிட இது நெஞ்சை இறுக்குவது குறைவு. ஆனால் குளோரின் மணம் மூக்கில் அடிக்கிற தடாகம் சுத்தமான தடாகம் என்று நினைக்காதேங்கோ. எங்கட வியர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்து உண்டாக்குகிற குளோரமின்தான் அந்த மணம். அதுதான் நெஞ்சைக் கிண்டுகிறது. இறங்க முன்னம் சவர்க்காரம் போட்டுக் குளிக்கச் சொல்வது அதற்காகத்தான். மணம் கடுமையாக இருந்தால் வேறு நேரமோ வேறு தடாகமோ பாருங்கோ. நீலப் பம்ப் எப்பவும் கரையில், கைக்கு எட்டுகிற இடத்தில்.

முழங்கால்காரருக்கு ஒரு எச்சரிக்கை. நாங்கள் எல்லாருக்கும் பிடித்தது தலையை வெளியில் வைத்துக்கொண்டு நீந்துகிற பிரெஸ்ட் ஸ்ட்ரோக். தவளை மாதிரிக் காலை விரித்து உதைப்பது முழங்காலின் உள்பக்கத்தை முறுக்கும். தலையைத் தூக்கியே வைத்திருப்பது கழுத்தைப் பிடிக்கும். நோகிறது என்றால் காலை நேராக வைத்து மேலும் கீழுமாக அடியுங்கோ, அல்லது மல்லாந்து நீந்துங்கோ. சீனிக்காரருக்குத் தோள் இறுகிப் போவதும் கூடுதலாக வரும். அப்படிப்பட்டவர்கள் கை வீசுவதை விட்டு மிதவைப் பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடிக்கலாம். ஒன்றுமே ஏலாத நாளில் நெஞ்சளவு தண்ணியில் அங்கும் இங்கும் நடந்தாலும் அது பயிற்சிதான்.

எப்படிச் சொல்வது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடமையில் நிற்கிற உயிர்காப்பாளரிடம் சொல்ல நாலு வசனம் போதும். நான் சொல்கிறது இதுதான், அவர்களுக்கு விளங்குகிற மொழியில்:

"எனக்கு டயபிடீஸ் இருக்கு, தொய்வும் இருக்கு. நான் ஒரே இடத்தில அசையாமல் நிண்டா, அல்லது குழம்பின மாதிரிக் கதைச்சா, என்னைத் தண்ணியால வெளியில எடுங்கோ. அந்தா அந்த ஒரேஞ்ச் பைக்குள்ள குளுகோசும் பம்பும் இருக்கு. நான் நினைவில்லாமல் இருந்தா வாயில ஒண்டும் வைக்காமல் அம்புலன்சுக்கு அடியுங்கோ."

சொல்ல அரை நிமிஷம். இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை, "நீங்கள் நீந்த வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியதும் இல்லை. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். யாரைக் கொஞ்சம் கூடக் கவனிக்க வேணும் என்று தெரிந்தால் அவர்களுக்கும் வேலை சுலபம். ஆள் மாறினால் திரும்பச் சொல்லுங்கோ. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. ஒரே வரிசையில் வழமையாக வருகிற ஒருவரிடமாவது சொல்லி வையுங்கோ. கையில் கட்டுகிற மருத்துவ அடையாளப் பட்டை தண்ணிக்குத் தாங்குகிறதாக வாங்கலாம்.

ஆழிக்குமரன் ஆனந்தனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வல்வெட்டித்துறைக்காரர். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பி வந்தவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்துகிற முயற்சியில் உயிர் விட்டவர். எவ்வளவு பெரிய நீச்சல்காரருக்கும் தண்ணி தயவு காட்டாது. அதனால்தான் கால்வாயைக் கடக்கிறவர் எவருக்கும் பக்கத்தில் ஒரு படகு வரும். அதில் அவருடைய நிலையைப் பார்த்துக்கொண்டு, சாப்பாடு கொடுத்துக்கொண்டு ஆட்கள் இருப்பார்கள். படகு வருவதால் அவரை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. 25 மீட்டர் தடாகத்தில் எங்களுக்கு அந்தப் படகு உயிர்காப்பாளர் பெடியனும் பக்கத்து வரிசை அக்காவும்தான். விஷயம் தெரியாவிட்டால் அவர்கள் வெறும் ஆட்கள்.

தொடங்குகிறவர்களுக்கு

இருபது வருஷத்துக்குப் பிறகு இறங்குகிறவர் முதல் நாளே 20 நீளம் நீந்தப் பார்க்கக்கூடாது. ஒரு நீளம், பிறகு மூச்சு ஆறும்வரை நிற்பது. முதல் கிழமை பத்து நிமிஷம் போதும். ஒவ்வொரு கிழமையும் இரண்டு மூன்று நிமிஷம் கூட்டுங்கோ. இங்கிலாந்தில் பல கவுன்சில்களில் டொக்டரோ நர்ஸோ எழுதிக் கொடுத்தால் குறைந்த கட்டணத்தில் சில மாதம் உடற்பயிற்சி செய்கிற திட்டம் இருக்கிறது. கேட்டுப் பாருங்கோ. மற்ற நாட்டில் இருப்பவர்கள் உங்கட நீரிழிவு நர்ஸிடம் இப்படி ஏதும் இருக்கா என்று விசாரியுங்கோ.

உடுப்பைப் பற்றி யோசிக்கிற பெண்களுக்கு: நீச்சல் துணியில் தைத்த நீளக் கை, நீளக் கால் உடுப்பு பெரும்பாலான பொதுத் தடாகங்களில் பிரச்சினை இல்லை. பெண்களுக்கு மட்டுமான நேரமும் பல இடங்களில் உண்டு. தலைமயிர் பழுதாகும் என்ற கவலைக்கு, தொப்பி போட முன்னம் நல்ல தண்ணியால் நனைத்தால் மயிர் குளோரின் தண்ணியைக் குறைவாகத்தான் குடிக்கும்.

பிள்ளையின் வகுப்பு நடக்கிற அதே நேரத்தில் பெரியவர்களுக்கு ஒரு வரிசையாவது திறந்திருக்கிறதா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கோ. சில இடங்களில் இருக்கும். பிள்ளை சின்னது என்றால் ஒருவர் பார்க்க, மற்றவர் நீந்தலாம். அடுத்த கிழமை மாறுங்கோ.

பிள்ளைகளுக்கும் சொல்லுங்கோ. சீனி எங்கட குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. நாளைக்கு அவர்களுக்கும் வரலாம். அப்ப அவர்கள் ரின்னுக்குள் ஒளிக்கப் போகிறார்களா, வாய் திறந்து சொல்லப் போகிறார்களா என்பது இப்ப எங்களைப் பார்த்துப் பழகுவதில்தான் இருக்கிறது. எங்கட வீட்டில் ஒரேஞ்ச் பை குசினி மேசையில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் கிடக்கும். ஒன்பது வயது மகளுக்கு அதில் என்ன இருக்கு, எப்ப எத்தனை தர வேணும், எந்த நம்பருக்கு அடிக்க வேணும் எல்லாம் தெரியும். போன கிழமை அம்மம்மாவுக்கு அவளே விளங்கப்படுத்தினாள். அம்மா கேட்டுப்போட்டு, "உதில ஒண்டு எனக்கும் வாங்கித் தா" என்றா.

நீந்தவே தெரியாமல் நாற்பதில் தொடங்குகிறவர்களைப் பற்றி அடுத்த மாதம் எழுதுகிறேன்.